ஸ்க்லெரோடெர்மாவில் வளர்ச்சிக் காரணிகள்: ஒரு சமிக்ஞையை மட்டும் அடைத்தால் ஏன் போதாது?

கேள்வியின் சுருக்கம்: கொழும்பில் வசிக்கும் ஒருவரின் தாயாருக்கு, ஐம்பது வயதுக்குள், தோலும் உள்ளுறுப்புகளும் நார் சேர்ந்து இறுகும் ஸ்க்லெரோடெர்மா நோய், அதிலும் பரவிய வகை. தொடங்கி இரண்டு வருடமாகிறது. தோல் முழங்கைக்கு மேலும் இறுகிவிட்டது, சுவாசப்பையில் நார்த்தழும்பு தெரிகிறது. நிர்ப்பீடனத்தை அடக்கும் மைக்கோஃபெனோலேட் குளிசை எடுக்கிறார். வாதநோய் நிபுணர் நின்டெடனிப் சேர்க்கலாம் என்கிறார். மகன் கேட்பவை மூன்று. எல்லாவற்றுக்கும் மூலம் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி என்றால், அதையே நேராக அடைக்கும் மருந்தை ஏன் தருவதில்லை? நின்டெடனிப் தோலை இளக்குமா? வளர்ச்சிக் காரணி கலந்த பூச்சு, ஊசி, பாலுணவு எல்லாவற்றையும் விலக்க வேண்டுமா?

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். நின்டெடனிப் தோலை இளக்காது. சுவாசப்பையில் நார் பெருகும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து "கை இன்னும் மடங்கவில்லையே" என்று வீட்டிலேயே முடிவுகட்டி மருந்தை நிறுத்தினால், வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்தியதாகவும் ஆகலாம். ஏன் ஒரே மருந்து ஓர் உறுப்பில் பலித்து இன்னொன்றில் பலிக்காமல் போகிறது என்பதும் முதல் கேள்வியும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. அதனால் முதல் கேள்விக்குத்தான் நீளமான பதில்.

ஸ்க்லெரோடெர்மாவில் மூன்று கோளாறுகள் பின்னிக் கிடக்கின்றன: சிறு குருதிக்கலன்கள் கெடுவது, நிர்ப்பீடனத் தொகுதி தன் உடலையே தாக்குவது, இழையங்களில் கொலாஜன் நார் குவிவது. பெரும்பாலானோருக்கு முதலில் தெரிவது குருதிக்கலன் கோளாறு. குளிர் பட்டால் விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கும் ரேனோ நிகழ்வு அதுதான். கொழும்பில் குளிர் ஏது என்று தோன்றும். குளிரூட்டிய அலுவலகமும் சுப்பர்மார்க்கட்டின் உறைபெட்டிப் பக்கமும் தாராளமாகப் போதும். அடுத்து விரல்கள் மொத்தமாக வீங்கும். இந்தக் கட்டத்தில் சிக்குன்குன்யாவின் மிச்சம் என்றோ ருமட்டோயிட் மூட்டுவாதம் என்றோ எண்ணிவிட இடமுண்டு. நகக்கண் ஓரத்தை உருப்பெருக்கிப் பார்த்தால் விரிந்துபோன மயிர்க்கலன்களும் (மிகச் சிறிய குருதிக்கலன்கள்) சிறு குருதிக்கசிவுகளும் வெற்றிடங்களும் தெரியும். தோல்நோய் நிபுணரிடம் உள்ள டெர்மாஸ்கோப்பே இதற்குப் போதும். விரல் நுனியில் புண் இருந்து உணர்ச்சியும் இல்லை என்றால் தொழுநோயையும் இந்த நாட்டில் மறக்கக்கூடாது.

இனி வளர்ச்சிக் காரணிகள். இவை கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் புரதச் செய்திகள். தோலில் காயம் பட்டால் குருதிச் சிறுதட்டுகள் பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா ஆகியவற்றை வெளியிடும். பிடிஜிஎஃப் நாரரும்பர் கலங்களை, அதாவது ஃபைப்ரோபிளாஸ்ட்களை, காயத்துக்கு இழுத்துப் பெருக வைக்கும். டிஜிஎஃப்-பீட்டா அவற்றை மயோஃபைப்ரோபிளாஸ்ட்களாக மாற்றும். இவை தசைக்கலம்போலச் சுருங்கவும் கூடியவை. கொலாஜனைச் சுரந்து, அதைப் பிடித்து இழுத்து, காயத்தின் வாயை ஒன்றுசேர்க்கும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை தாமாகவே இறந்துபோகும். அந்த இறப்பு நிகழ்வதால்தான் வெட்டுக்காயம் ஒரு கோடாக நின்றுவிடுகிறது. ஸ்க்லெரோடெர்மாவில் அந்தக் கடைசிக் கட்டம் வருவதில்லை.

1974ஆம் ஆண்டு கார்வைல் லெரோய் என்ற அமெரிக்க ஆய்வாளர் நோயாளிகளின் தோலிலிருந்து நாரரும்பர் கலங்களை எடுத்து ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்த்தார். நோயாளியின் உடலைவிட்டு வெளியே வந்த பிறகும் அவை வழக்கத்துக்கு மேல் கொலாஜன் உற்பத்தி செய்தன. அரை நூற்றாண்டு ஆராய்ச்சிக்கு இந்தக் கவனிப்பு அடித்தளமானது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று தூண்டிக்கொண்டே இருப்பதால் மட்டும் நார் குவியவில்லை, கலமே மாறிவிட்டது. தானே சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டாவுக்குத் தானே பதிலளிக்கிறது, கொலாஜன் மரபணுவை அடக்கிவைக்கும் எஃப்எல்ஐ1 என்ற புரதத்தைக் குறைத்துக்கொள்கிறது, இறக்கவும் மறுக்கிறது.

டிஜிஎஃப்-பீட்டாவைப் பற்றிப் பலரும் விட்டுவிடுகிற விடயம், அது சுரந்தவுடனே வேலை செய்வதில்லை என்பது. எல்ஏபி என்ற புரத உறைக்குள் அடைபட்டு, எல்டிபிபி என்ற இன்னொரு புரதத்தால் தாயத்தில், அதாவது கலங்களுக்கு வெளியே அவற்றைத் தாங்கி நிற்கும் நார்ச் சட்டகத்தில், குறிப்பாக ஃபைப்ரிலின் நார்களில், கட்டிவைக்கப்படுகிறது. ஆகவே இழையத்தில் எவ்வளவு டிஜிஎஃப்-பீட்டா இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு அவிழ்க்கப்படுகிறது என்பதே முக்கியம். குருதியில் அதன் அளவைப் பார்த்து நோயை எடைபோட முடியாததற்கும் இதுவே ஒரு காரணம். அப்படி ஒரு பரிசோதனையைச் செய்யச் சொல்லி யாராவது கேட்டால் அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அவிழ்க்கும் வழிகள் பல. பிளாஸ்மின் போன்ற நொதியங்கள் உறையை வெட்டும். த்ரொம்போஸ்பொண்டின்-1 என்ற புரதம் உறையின் பிடியைத் தளர்த்தும். மூன்றாவது வழிதான் இந்த நோயில் மிகப் பொல்லாதது: கலத்தின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின்கள் உறையைப் பற்றி இழுத்தே திறந்துவிடும். சேற்றில் நட்ட கம்பத்தில் கட்டிய கயிற்றை இழுத்தால் கம்பமும் கூடவே வரும், முடிச்சு அவிழாது. கம்பம் கொங்கிறீற்றில் நின்றால் முடிச்சு அவிழும். தாயம் மென்மையாக இருக்கும்வரை இழுப்பு வீணாகிறது. அது விறைத்துவிட்டால் அதே இழுப்பில் டிஜிஎஃப்-பீட்டா வெளிவந்துவிடுகிறது. வெளிவந்தது மேலும் கொலாஜனை உண்டாக்க, தாயம் மேலும் விறைக்கிறது. விறைப்பை உணரும் யாப், டாஸ் என்ற புரதங்கள் கலத்தின் கருவுக்குள் போய் இதே மரபணுக்களைத் தனியாகவும் தூண்டுகின்றன. ஆரம்பத்தில் நிர்ப்பீடனத் தாக்குதல் மூட்டிய தீ, ஒரு கட்டத்துக்குப் பிறகு விறைத்த இழையத்தாலேயே எரிகிறது. முதல் சில வருடங்களில் மருந்து தருவதற்கும் பத்து வருடம் கழித்துத் தருவதற்கும் உள்ள வேறுபாடு இங்கிருந்துதான் வருகிறது.

மனிதரில் இதற்கு ஒரு சுத்தமான சான்று உண்டு. விறைதோல் நோய் என்ற மிக அரிய பரம்பரை நோயில், ஃபைப்ரிலின்-1 புரதத்தில் இன்டெக்ரின் பற்றும் பகுதியில் மட்டும் பிழை இருக்கும். குழந்தைப் பருவத்திலேயே தோல் கல்லாகிவிடும். தாயத்தில் ஒரு சிறு இடம் கெட்டதே போதுமானதாக இருந்திருக்கிறது.

வெளிவந்த டிஜிஎஃப்-பீட்டா கலத்தின் மேலுள்ள இரண்டாம் வகை வாங்கியில், அதாவது சமிக்ஞையை ஏற்கும் புரதத்தில், ஒட்டும். அது ஏஎல்கே5 என்ற முதலாம் வகை வாங்கியைச் சேர்த்துக்கொண்டு, ஸ்மாட்2, ஸ்மாட்3 புரதங்களில் பொசுபேற்றை ஏற்றும். அவை ஸ்மாட்4உடன் சேர்ந்து கருவுக்குள் புகுந்து, முதலாம் மூன்றாம் வகைக் கொலாஜன்களுக்கும் ஃபைப்ரோனெக்டினுக்கும் சிடிஜிஎஃப் என்ற அடுத்த வளர்ச்சிக் காரணிக்கும் உரிய மரபணுக்களைத் திறந்துவிடும். கூடவே கொலாஜனை வெட்டும் நொதியங்களைக் குறைத்து, அந்த நொதியங்களைத் தடுக்கும் டிம்ப்-1 புரதத்தை ஏற்றிவிடும். உற்பத்தி கூட, அகற்றல் குறைய, இரண்டு பக்கத்தாலும் நார் சேர்கிறது. ஸ்மாட்7 என்ற தடுப்புப் புரதம் இந்தச் சமிக்ஞையை அணைக்க வேண்டும். நோயுற்ற கலங்களில் அந்தத் தடுப்பு சரியாக இயங்குவதில்லை. ஸ்மாட் வழியில்லாமலும் சி-ஏபிஎல், பி38, ரோ கைனேஸ் என்று பக்கக் கிளைகள் இருக்கின்றன. மருந்துக் கம்பனிகளின் விளக்கப்படங்களில் ஒரு அம்புக்குறி மட்டும் இருக்கும். அதை நம்பிவிடாதீர்கள்.

சிடிஜிஎஃப்பின் பங்கைக் காட்டிய ஓர் எலிச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பிறந்த எலிக்குட்டிகளின் தோலுக்கடியில் டிஜிஎஃப்-பீட்டாவை மட்டும் ஏற்றினால் நார்த்தடிப்பு வந்து, சில நாட்களில் மறைந்துவிடும். சிடிஜிஎஃப்பை மட்டும் ஏற்றினால் நிலைக்கும் தடிப்பு எதுவும் வராது. இரண்டையும் சேர்த்து ஏற்றினால் தடிப்பு நிலைத்து நிற்கும். ஒன்று தொடங்கிவைக்கிறது, மற்றது நிலைக்கச் செய்கிறது. ஆனால் சிடிஜிஎஃப்பை அடைக்கும் பம்ரெவ்லுமாப் என்ற பிறபொருளெதிரி, காரணம் தெரியாத சுவாசப்பை நார்நோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனையில் 2023இல் தோற்றது. எலியில் அழகாகத் தெரிந்தது மனிதரில் அப்படியே நடப்பதில்லை.

பிடிஜிஎஃப் கதை வேறு. இது கொலாஜன் சுரப்பதைவிட, நாரரும்பர் கலங்களைப் பெருக்குவதையும் நகர்த்துவதையும் அதிகம் செய்கிறது. சிறு குருதிக்கலன்களைச் சுற்றியுள்ள பெரிசைட் கலங்களையும் பெருக்கி மயோஃபைப்ரோபிளாஸ்ட்களாக்கும். 2006இல் இத்தாலியக் குழு ஒன்று, நோயாளிகளின் குருதியில் பிடிஜிஎஃப் வாங்கியையே தூண்டிவிடும் பிறபொருளெதிரிகள் இருப்பதாக வெளியிட்டது. நிர்ப்பீடனக் கோளாறையும் நார் குவிவதையும் ஒரே முடிச்சில் கட்டும் கண்டுபிடிப்பு என்பதால் பெரிய வரவேற்பு. பிறகு வேறு ஆய்வுகூடங்கள் அதே முடிவைப் பெற முடியவில்லை. கொள்கையளவில் கவர்ச்சியான ஒன்று, இன்னும் நிலைநாட்டப்படவில்லை என்ற இடத்தில் அதை வைப்பதே நியாயம்.

விஇஜிஎஃப்பில் ஒரு புதிர் உண்டு. புதுக் குருதிக்கலன்களை உண்டாக்கும் இந்தக் காரணி நோயாளிகளிடம் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் மயிர்க்கலன்கள் அழிந்துகொண்டு போகின்றன. விஇஜிஎஃப்165பி என்ற அதன் எதிர்வடிவம் மிகுந்திருப்பது ஒரு விளக்கம். அது வாங்கியில் உட்கார்ந்துகொள்ளும், சமிக்ஞையைச் சரியாக அனுப்பாது. குருதிக்கலன் உள்வரியிலுள்ள அகவணிக் கலங்கள் சுரக்கும் எண்டோதீலின்-1, கலனைச் சுருக்குவதோடு நாரரும்பர் கலங்களையும் தூண்டும். அதன் வாங்கியை அடைக்கும் பொசென்டான் புதிய விரற்புண்கள் வருவதைக் குறைக்கிறது, இருக்கும் புண்ணை ஆற்றுவதில்லை. ஐஎல்-6 வளர்ச்சிக் காரணி என்ற பெயரில் வராவிட்டாலும், அழற்சிக்கும் நாருக்கும் நடுவே நிற்கும் முக்கியமான தூதுப் புரதம்.

இப்போது நேரடியாகக் கேட்ட கேள்வி: டிஜிஎஃப்-பீட்டாவை அடைத்தால் என்ன? அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2007இல் முடிவுகள் வெளியான கேட்-192 என்ற பிறபொருளெதிரி, டிஜிஎஃப்-பீட்டா1ஐ மட்டும் குறிவைத்தது. 45 நோயாளிகளில் சோதித்தும் பலன் தெரியவில்லை; அதன் ஒட்டும் வலிமை போதாது என்பது ஒரு விமர்சனம். 2015இல் ஃப்ரெசொலிமுமாப் வந்தது. இது டிஜிஎஃப்-பீட்டாவின் மூன்று வடிவங்களையும் வலுவாக அடைக்கும். 15 நோயாளிகளுக்குக் கொடுத்து, தோலிலிருந்து சிறு துண்டெடுத்துப் பார்த்தபோது டிஜிஎஃப்-பீட்டா திறந்துவிடும் மரபணுக்கள் உண்மையாகவே அடங்கியிருந்தன, தோல் மதிப்பெண்ணும் குறைந்தது. கொள்கை சரிதான். ஆனால் சிலருக்கு குருதிக்கசிவும் சோகையும், சிலருக்குத் தோலில் கெரட்டோஅகந்தோமா என்ற கட்டிகளும் வந்தன.

காரணத்தைத் தேடி அதிக தூரம் போகத் தேவையில்லை. டிஜிஎஃப்-பீட்டாவுக்கு நார் உண்டாக்குவதைத் தவிர வேறு வேலைகளும் இருக்கின்றன. நிர்ப்பீடனத் தொகுதியை அடக்கிவைப்பதும், மேலணிக் கலங்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுப்பதும் அதுவே. டிஜிஎஃப்-பீட்டா1 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் உயிரோடு பிறப்பவை, சில வாரங்களில் பல உறுப்புகளிலும் அழற்சி பரவி இறந்துவிடும். ஏஎல்கே5ஐ அடைக்கும் சிறுமூலக்கூறுகள் விலங்குகளில் இதய வால்வுகளைச் சேதப்படுத்தின. ஏற்கெனவே நிர்ப்பீடனம் தறிகெட்ட ஒருவரிடம், குடலிலும் இரைப்பையிலும் குருதிக்கலன்கள் பலவீனப்பட்ட ஒருவரிடம், இந்தக் காரணியை முழுதாக அணைப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று பாருங்கள். இதனால்தான் இப்போதைய முயற்சிகள் டிஜிஎஃப்-பீட்டாவைத் தொடாமல், குறிப்பிட்ட இழையத்தில் அதை அவிழ்க்கும் இன்டெக்ரின்களைக் குறிவைக்கின்றன. சுவாசப்பை மேலணியில் உள்ள ஆல்ஃபா-வி-பீட்டா-6 அவற்றில் ஒன்று. அந்த வழியும் சிக்கலற்றதாக இல்லை: அதை அடைக்கும் ஒரு பிறபொருளெதிரியின் சோதனை பாதுகாப்புக் காரணங்களால் இடையில் நிறுத்தப்பட்டது.

சோதனைகளைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய பொறி ஒன்று. தோல் இறுக்கத்தை ரொட்னன் முறையில் அளக்கிறார்கள்: உடலின் 17 இடங்களைக் கிள்ளிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 51. பரவிய வகையில் இந்த மதிப்பெண் முதல் ஓரிரு வருடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு பலருக்கு மருந்தே இல்லாமலும் மெல்ல இறங்கும். ஆகவே ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்தச் சோதனையிலும் மருந்து வேலை செய்வதுபோலத் தோன்றும். ஃப்ரெசொலிமுமாப் முடிவையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். இமட்டினிப்புக்கு நடந்ததும் இதுதான். பிடிஜிஎஃப் வாங்கியையும் சி-ஏபிஎல்லையும் ஒருசேர அடைக்கும் மருந்து, ஏட்டில் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒப்பீடில்லாத சில சிறு ஆய்வுகளில் நம்பிக்கை தந்தது. போலிமருந்தோடு ஒப்பிட்ட பிரெஞ்சுச் சோதனையில் தோலில் எந்த வித்தியாசமும் இல்லை. உடம்பில் நீர் கோர்த்து வீங்கியதால் பலரால் தொடரவும் முடியவில்லை. இணையத்தில் "ஸ்க்லெரோடெர்மா குணமானது" என்று வரும் ஒவ்வொரு சூரணத்துக்கும் எண்ணெய்க்கும் பின்னால் இந்த இயற்கையான இறக்கம் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு தடை, ஏற்கெனவே கட்டியெழுப்பிய கொலாஜன். ஆரோக்கியமான தோலில் கொலாஜனின் அரைவாழ்வு ஏறத்தாழ 15 வருடம். நோயில் லைசில் ஒக்சிடேஸ் நொதியங்கள் நார்களுக்கிடையே கூடுதல் குறுக்குப் பிணைப்புகளைப் போட்டுவிடுவதால் வெட்டும் நொதியங்களுக்கு அவை எளிதில் அகப்படுவதில்லை. சமிக்ஞையை இன்று முழுதாக அணைத்தாலும் நேற்றுவரை சேர்ந்தது நாளைக்குக் கரைந்துவிடாது. நின்டெடனிப் தரும்போது "இனிச் சேர்வதைக் குறைக்கிறோம்" என்று மருத்துவர் சொல்வதன் பொருள் இது.

சரி, நின்டெடனிப் எதைச் செய்கிறது? பிடிஜிஎஃப், எஃப்ஜிஎஃப், விஇஜிஎஃப் ஆகிய மூன்று வளர்ச்சிக் காரணிகளின் வாங்கிகளில் உள்ள, சமிக்ஞையை உள்ளே கடத்தும் டைரோசின் கைனேஸ் நொதியங்களை அடைக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா வாங்கி அதன் பிரதான இலக்கில் இல்லை. 2019இல் வெளியான சென்சிஸ் சோதனையில் 576 நோயாளிகள், 52 வாரம். முழுதாக மூச்சிழுத்துப் பலங்கொண்டு ஊதும் காற்றின் அளவான எஃப்விசி, போலிமருந்துக் குழுவில் ஆண்டுக்கு 93.3 மில்லிலீற்றர் குறைந்தது. நின்டெடனிப் குழுவில் 52.4. இறங்கும் வேகம் 44 வீதம் குறைவு. ரொட்னன் மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை. உங்கள் தாயாருக்குப் பொருந்தும் இன்னொரு விவரம்: மைக்கோஃபெனோலேட் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களில் போலிமருந்தோடு 66.5, நின்டெடனிப்போடு 40.2 மில்லிலீற்றர் இழப்பு. மைக்கோஃபெனோலேட் எடுக்காதவர்களில் 119.3, 63.9. இரண்டும் சேர்ந்தவர்களே மிகக் குறைவாக இழந்தார்கள். ஒன்று நிர்ப்பீடனப் பக்கத்தையும் மற்றது நார்ப் பக்கத்தையும் பிடிப்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. யார் எந்த மருந்தில் இருந்தார் என்பது குலுக்கலில் தீர்மானிக்கப்பட்டதல்ல, ஆகவே இந்தக் கடைசி ஒப்பீட்டை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு வருவோம், ஏனென்றால் மருந்து தோற்பது பெரும்பாலும் கொள்கையில் அல்ல, வயிற்றில். வழக்கமான அளவு 150 மில்லிகிராம், 12 மணித்தியால இடைவெளியில் நாளுக்கு இருமுறை, சாப்பாட்டோடு, கப்சியூலை மெல்லாமல் முழுதாக. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாக எடுக்கக்கூடாது. சென்சிஸில் நின்டெடனிப் எடுத்தவர்களில் நாலில் மூன்று பேருக்கு வயிற்றோட்டம் வந்தது. போலிமருந்தில் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. மைக்கோஃபெனோலேட்டும் வயிற்றைக் கலக்கும் மருந்து என்பதால் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கவோ கூட்டவோ கூடாது. எது செய்தது என்று தெரியாமல் இரண்டையும் நிறுத்த நேரிடும். வயிற்றோட்டம் தொடங்கினால் முதல் நாளே ஜீவனி கரைசல், வைத்தியரைக் கேட்டு லோபெரமைட். அடங்காவிட்டால் 100 மில்லிகிராம் இருமுறையாகக் குறைக்கலாம். வயிறு ஊதிப் பெருத்து, காற்றும் போகாமல் வாந்தியும் இருந்தால் லோபெரமைட்டைத் தொடக்கூடாது. ஸ்க்லெரோடெர்மா குடலின் அசைவையே கெடுக்கும். அங்கே அந்தக் குளிசை ஆபத்து. சில வேளை வயிற்றோட்டத்துக்குக் காரணம் மருந்தே அல்ல, அசையாத சிறுகுடலில் பற்றீரியா பெருகுவதுதான். அதற்கு மருந்து நுண்ணுயிர்க்கொல்லி.

ஈரல் நொதியப் பரிசோதனை தொடங்கும் முன், பிறகு மூன்று மாதம் மாதாமாதம், அதன் பின் மூன்று மாதத்துக்கொருமுறை. விஇஜிஎஃப்பையும் அடைப்பதால் குருதிக்கசிவு கூடலாம். வார்ஃபரின் போன்றவை எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்க நேர்ந்தால் குருதியில் நின்டெடனிப் பாதியாக இறங்கிவிடும். இந்த மருந்தும் மைக்கோஃபெனோலேட்டும் கருவுக்குக் கேடு செய்யும். தாயாருக்கு மாதவிலக்கு நிற்கவில்லையென்றால் கருத்தடை பற்றி வைத்தியரிடம் வெட்கப்படாமல் பேச வேண்டும். தனியார் பார்மசியில் வாங்குவதானால் இது வருடக்கணக்கில் தொடரும் செலவு. இரண்டு மாதம் எடுத்து விடுவதில் பயனில்லை; அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் கிடைக்க வழியுண்டா என்று தொடங்கும் முன்பே கேளுங்கள்.

மைக்கோஃபெனோலேட்டின் அளவையும் ஒருமுறை பாருங்கள். 2016இல் வெளியான சோதனையில் 24 மாதம் கொடுத்த மைக்கோஃபெனோலேட், 12 மாதம் வாய்வழி கொடுத்த சைக்கிளோபொஸ்பமைட்டுக்கு ஈடாகச் சுவாசப்பையைக் காத்தது, பக்கவிளைவு குறைவு. அங்கே இலக்கு அளவு நாளுக்கு 3 கிராம். குறைந்த அளவிலேயே நின்றுவிட்டு "மருந்து போதவில்லை" என்று அடுத்ததற்குத் தாவுவது உண்டு. நெஞ்செரிவுக்கு மக்னீசியம், அலுமினியம் கலந்த அமிலநீக்கிகளை மைக்கோஃபெனோலேட்டோடு சேர்த்து விழுங்கினால் அது குருதியில் ஏறுவது குறையும், இரும்புக் குளிசையோடும் அப்படியே. இடைவெளி விட வேண்டும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்பிரசோலும் அதை ஓரளவு குறைக்கும், ஆனால் இந்த நோயில் அதை நிறுத்தச் சொல்ல முடியாது.

நார்ப் பக்கம் இன்னும் முற்றாத, அழற்சி உயர்ந்திருக்கும் ஆரம்பக் கட்டத்தில் ஐஎல்-6 வாங்கியை அடைக்கும் டொசிலிசுமாப் ஒரு தெரிவு. 210 பேர் கலந்துகொண்ட சோதனையில் அதுவும் தோலில் எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை, சுவாசப்பையைக் காத்தது. வாரம் 162 மில்லிகிராம், தோலுக்கடியில் ஊசி. தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோயைத் தேடுவது இங்கே கட்டாயம். நிர்ப்பீடனத்தின் பி கலங்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்றால் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை. இரண்டு மருந்துகள் தோலில் தோற்று சுவாசப்பையில் பலித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தோலையும் சுவாசப்பையையும் தனித்தனி நோய்போலவே கண்காணிக்க வேண்டியிருக்கிறது. எஃப்விசியும், வாயு குருதிக்குள் கடக்கும் திறனான டிஎல்சிஓவும் ஆரம்ப வருடங்களில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கொருமுறை; இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில், ஏனென்றால் இயந்திரம் மாறினாலே இலக்கம் மாறும். வாய் சுருங்கியவர்களுக்கு ஊதுகுழலைச் சுற்றி உதடு மூடாமல் காற்றுக் கசிந்து எஃப்விசி பொய்யாகக் குறையும். சோதனை செய்பவரிடம் சொல்லுங்கள். இதயத்துக்கு வருடத்துக்கொரு எக்கோ.

ஸ்டெரொயிட் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. மூட்டுவலிக்கென்று தெருமுனைப் பார்மசியில் பிரெட்னிசொலோன் வாங்கிப் போடுவது இந்த நோயில் உயிராபத்து. நாளுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போனால் குருதியழுத்தம் திடீரென்று ஏறிச் சிறுநீரகம் செயலிழக்கும் சிறுநீரக நெருக்கடி வரும் வாய்ப்பு ஏறுகிறது. பரவிய வகையில், முதல் சில வருடங்களில், ஆர்என்ஏ பொலிமரேஸ்-3 பிறபொருளெதிரி உள்ளவர்களில் இன்னும் கூடுதலாக. வீட்டில் ஒரு குருதியழுத்தக் கருவி வைத்து வாரம் இரண்டு மூன்று தடவை பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். வழக்கமாக 110 இருப்பவருக்குத் திடீரென்று 140 என்றால், அதுவும் தலைவலியோடு என்றால், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குருதியழுத்தத்தைக் குறைக்கும் ஏசிஇ தடுப்பிகளை உடனே தொடங்கினால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. ஆனால் வருமுன் காப்பாக அவற்றைப் போடுவதில் நன்மை இல்லை.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சின்னது. பால், தயிர், முட்டை ஆகியவற்றிலுள்ள புரதக் காரணிகள் குடலில் செரித்து உடைந்துவிடும், தோலிலோ சுவாசப்பையிலோ நார் சேர்ப்பதில்லை. எடை குறைந்துகொண்டு போகும் நோயாளியிடம் பாலை நிறுத்துவதுதான் கெடுதல். அழகுநிலையங்களில் விற்கும் காரணிப் பூச்சுகள் தோலின் ஆழத்துக்குப் போவதே அரிது. பணச்செலவு தவிரப் பெரிய தீமை இராது. ஊசி வேறு விடயம். சொந்தக் குருதியிலிருந்து பிரித்து ஏற்றும் பிஆர்பியில் சிறுதட்டுகளின் பிடிஜிஎஃப்பும் டிஜிஎஃப்-பீட்டாவும் செறிந்திருக்கின்றன. விரற்புண்ணுக்கும் முகத்தோலுக்கும் அதைச் சில சிறு ஆய்வுகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள், உறுதியான முடிவு இல்லை. நோய் தீவிரமாக இருக்கும் இந்தக் கட்டத்தில், முடி உதிர்வுக்கோ முகப்பொலிவுக்கோ வாதநோய் நிபுணருக்குத் தெரியாமல் அதைச் செய்ய வேண்டாம். விரல்களுக்கு வேண்டியது தினமும் வெதுவெதுப்பான மெழுகிலோ நீரிலோ வைத்து இளக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் மடக்கி நீட்டும் பயிற்சி. அதைக் காட்டித்தருபவர் இயன்மருத்துவர். தோலில் திறந்த புண் இருக்கும் விரலை மெழுகில் வைக்கக்கூடாது, வெப்பத்தை முதலில் வேறொருவர் கையால் பார்த்துவிட்டே வைக்க வேண்டும்.